ஒப்பும் உண்மையும்

கருதியதும் கண்டதும் ஒன்றோடொன்று ஒத்துவிடின், அவ்வொப்பே உண்மைக்குப் போதிய சான்றாகுமா? இவ்வினா தருக்கநூலாரது வாதங்களுக்கு மாத்திரம் உரியதன்று. நாடோறும் மாணாக்கருடைய கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியராகிய நமக்கும் உரியது. விடை ஒத்ததா என்று நோக்கி, ஒத்ததாயின் சரியெனக் குறியிடுதல் நமது வழக்கம். அவ்வழக்கம் எவ்வளவு தூரம் நம்மைத் தாங்கும் என்பதை ஆராய்தற்கு வானநூற் சரித்திரத்திலே தக்க உதாரணமொன்று இருக்கின்றது. பெருநிறையுடைய விண்மீன்களின் அருகே அணுக்களின் சத்திப்படிகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பது பற்றிய ஆராய்ச்சி அது. அதனை முதலில் எடுத்துரைத்து, அதன்பின் நமது வினாவுக்கு வருவாம்.

அணுவிலுள்ள இலத்திரன்கள் எந்தச் சத்தியோடும் இருத்தல் இயலாது. ஏணியில் ஏறுவான் ஒரு படியிலாதல் அடுத்த படியிலாதல் நிற்கலாமேயன்றி இரண்டற்கும் இடையே நிற்றல் கூடாதவாறுபோல, இலத்திரன்களுக்கும் வரையறுத்த சத்திப்படிகள் உள. மேற்படியினின்று கீழ்ப்படிக்கு இறங்குங்கால், அவ்விரு படிகளின் வேற்றுமைக்கு இயைந்த ஒளி வெளிப்படும். ஐதரசனின் படிகள் வேறு. இரும்பின் படிகள் வேறு. ஆதலால் ஒளியைப் பகுத்து நிறமாலையாக்கி, அதிலுள்ள கோடுகளை நோக்கி, இஃது ஐதரசன், இஃது இரும்பு என்று வானநூலார் அறிகின்றனர். அவ்வொளியின் அதிர்வு மாறாத எண்ணிக்கையுடையதாதலின், ஒவ்வோர் அணுவும் ஒரு மணிக்கூடு போல்வது எனலாம்.

ஈர்ப்பு மிக்க இடத்திலே மணிக்கூடு மெல்ல நடக்கும் என்பது ஐன்ஸ்டைன் 1907 முதல் 1915 வரை படிப்படியாக வகுத்த கொள்கையின் முடிபுகளுள் ஒன்று. அணுவும் மணிக்கூடாதலின், பெருநிறையுடைய விண்மீனின் மேற்பரப்பிலுள்ள அணுவின் ஒளி, தூரத்தே நிற்கும் நமக்கு அதிர்வு குறைந்ததாய், அலைநீளம் கூடியதாய், சிவப்புப் பக்கமாகச் சிறிது பெயர்ந்து தோன்றும். இதனைச் செம்பெயர்ச்சி என்பர். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வணுவின் படிகள் அங்கே குலைந்துபோகவில்லை. அங்கேயே நின்று, அங்கேயுள்ள கருவிகளால் அளப்பவனுக்கு ஐதரசன் நம் ஐதரசனைப் போலவே தோன்றும். அவ்விடத்து அளவை இவ்விடத்து அளவோடு ஒப்புநோக்கும்போதே வேற்றுமை பிறக்கின்றது.

இவ்வேற்றுமை விண்மீன்களுக்கு மாத்திரம் உரியதுமன்று. நமது இலங்கையிலே 2,524 மீற்றர் உயரமுள்ள பேதுருதாலகாலை மலையுச்சியில் ஓர் அணுமணிக்கூட்டையும், கொழும்புக் கடற்கரையில் மற்றொன்றையும் வைத்தால், ஓராண்டில் மலைமேலுள்ளது ஏறக்குறைய ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் 9 பங்கு முந்தியிருக்கும். சூரியனின் மேற்பரப்பிலே செம்பெயர்ச்சி பத்திலட்சத்தில் இரண்டு பங்கு. அதாவது, செக்கனுக்கு 636 மீற்றர் வேகத்தில் நம்மைவிட்டு அகலும் பொருளின் ஒளி எவ்வளவு பெயருமோ அவ்வளவு. நிறை பெரிதாய், பருமன் சிறிதாய் உள்ள விண்மீனில் இது மிகும். ஆதலின் அத்தகைய விண்மீனொன்றைத் தேடினார்கள்.

சித்திரை மாதத்து முன்னிரவிலே வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்பார்க்குத் தென்மேற்கே கடலின்மேற் சாய்ந்து, மற்றெல்லா விண்மீன்களையும் விஞ்சி ஒளிருவது சிரியசு. அதன் செலவில் ஓர் அசைவு இருத்தலை நோக்கி, கண்ணுக்குப் புலனாகாத துணையொன்று அதற்கு உண்டென்று பெசல் 1844-இல் அனுமானித்தார். 1862-இல் அமெரிக்காவிலே அல்வன் கிரகாம் கிளார்க் என்பவர், தம் குடும்பத்தார் செய்த புதிய தொலைநோக்கி வில்லையைச் சோதிக்குங்கால், சிரியசின் அருகே அத்துணையைக் கண்டார். அவர் அதனைத் தேடிச் சென்றவரல்லர். தேடாத கண்ணுக்கு அகப்பட்டமையால் பெசலின் கருத்துக்கு இக்காட்சி பெருவலி தந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்க.

அத்துணை விண்மீனின் நிறை சூரியனது நிறையோடு ஏறக்குறைய ஒக்கும். ஒளியோ மிகக் குறைவு. அது வெண்குறுமீன் என இக்காலத்தார் வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எடிங்டன், அதன் வெப்பநிலை ஏறக்குறைய 8,000 பாகை என்று கொண்டு, அதிலிருந்து அதன் ஆரை ஏறக்குறைய 19,000 கிலோமீற்றர் எனவும், செம்பெயர்ச்சி செக்கனுக்கு 20 கிலோமீற்றர் வேகத்துக்கு இயைந்த அளவாதல் வேண்டும் எனவும் 1924-இல் கணித்தார். அதனை அளந்து பார்க்கும்படி கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்திலிருந்த வால்டர் ஆடம்சுக்கு எழுதினார். ஆடம்ஸ் அளந்தார். 1925-இல் அவர் வெளியிட்ட விடை 21. லிக் ஆய்வகத்திலே மூர் என்பவர் 1928-இல் அளந்தபோதும் அதற்கு இணங்கிய விடையே வந்தது. இருபதுக்கு இருபத்தொன்று! இதனினும் சிறந்த ஒப்பு யாதுளது? ஐன்ஸ்டைனின் கொள்கை நிறுவப்பட்டதென்றும், அத்துணை அடர்த்தியுடைய சடம் உலகில் உண்டென்பதும் நிறுவப்பட்டதென்றும் நூல்கள் எழுதின, பாடசாலைகளும் படித்தன.

1971-இல் கிரீன்ஸ்டைன், ஓக், சிப்மன் என்னும் மூவர் பலோமர் மலையிலிருந்து புதிதாக அளந்த விடையை வெளியிட்டனர். அவ்விடை 89; அதன் பிழையெல்லை 16. 2005-இல் ஹபிள் விண்தொலைநோக்கி கொண்டு அளந்தபோது ஏறக்குறைய 80 என்று கிடைத்தது. அவ்விண்மீனின் உண்மையான வெப்பநிலை ஏறக்குறைய 25,000 பாகை. ஆரை 6,000 கிலோமீற்றருக்கும் உட்பட்டது. நமது பூமியினும் சற்றுச் சிறியது. இந்த ஆரையைக் கொண்டு கணித்தால் ஐன்ஸ்டைனின் கொள்கை தரும் விடையும் 80 என்னும் அளவே. ஆகவே, கொள்கை பிழையன்று. எடிங்டன் கணித்த 20 பிழை. ஆடம்ஸ் அளந்த 21-உம் பிழை. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு, நாற்பத்தாறு ஆண்டு உண்மையென நின்றன.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? சிரியசு தன் துணையினும் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு ஒளியுடையது. அதன் சிதறிய ஒளி துணையின் நிறமாலையிலே கலந்தது. துணைக்குரியனவென்று அளக்கப்பட்ட கோடுகளுள் சிரியசுக்குரியனவும் இருந்தன; ஆதலின் பெயர்ச்சி குறைந்து தோன்றிற்று. ஆடம்ஸ் இக்கலப்பை அறியாதவரல்லர். அதற்குத் தள்ளுபடியும் செய்தார். பொய்யுரைத்தார் என்று அவரைக் குற்றங்கூறுதல் நமது கருத்தன்று. ஆனால், இத்துணைத் தள்ளுவது, இக்கோட்டைக் கொள்வது, அக்கோட்டை விடுவது என்று தெரியவேண்டிய இடம் ஒவ்வொன்றிலும், வரவேண்டிய விடை இருபது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விடை நாற்பது என்று வந்திருப்பின் மீண்டும் நோக்கியிருப்பார். இருபத்தொன்று என்று வந்தமையால் நின்றுவிட்டார். நெடுங்காலம் எவரும் திருத்தாமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு: ஐம்பதாண்டிற்கு ஒருமுறை சுற்றும் அத்துணை, 1940-களிலே சிரியசை மிக நெருங்கியிருந்தமையால் அதனை அளத்தல் அரிதாயிற்று. எனினும், ஒத்துவிட்டதொன்றை மீண்டும் அளக்கவேண்டும் என்னும் அவாவும் குறைந்தே இருந்தது.

நம் அளவைநூலார் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுப்பர். ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியே அளவையாகும் என்றும் வரையறுப்பர். சிரியசின் துணை பற்றிய வழக்கிலே மூன்றும் ஒருங்கே கூடின. ஆடம்சினது காட்சி இருந்தது. எடிங்டனது கருதல் இருந்தது. இருவரும் பெரும்புகழாளராதலின் அவர் சொல் உலகுக்கு உரையளவையாயிற்று. மூன்றும் கூடியும் பிழைத்தது ஏன்? அவை மூன்றாக இருக்கவில்லை. எடிங்டன் கொண்ட வெப்பநிலை, சிரியசின் ஒளிக்குள்ளே கிடந்த அச்சிறுமீனின் நிறமாலையிலிருந்தே பெறப்பட்டது. கருதல் காட்சியிடத்துக் கடன் வாங்கிற்று. அதன்பின் காட்சி கருதலிடத்துக் கடன் வாங்கிற்று. உரையோ இவ்விருவரையும் நம்பி நின்றது. ஒருவன் சொல்லை மூவர் திருப்பிச் சொன்னால் அவர் மூன்று சாட்சிகள் ஆகார்.

அற்றேல், முடிவிலே ஐன்ஸ்டைனின் கொள்கை மெய்யென்றுதானே ஆயிற்று; மெய்யான கொள்கைக்குப் பிழையான சான்று துணைநின்றமையால் வந்த கேடு யாது என்று வினவுவாரும் உளர். இதுவே நம் வினாவின் நடுவிடம்.

தனக்கே உரிய காணியொன்றை வழக்காடி வென்றவன் ஒருவனை நினைக்க. அவன் நீதிமன்றிற் காட்டிய உறுதியிலே எல்லைகள் பிழைத்திருந்தன. அது அவனுக்கும் தெரியாது. காணி அவனதே, தீர்ப்பும் அவன் பக்கமே. ஆயினும் அவ்வுறுதியைக் கொண்டு வேலியிடப் புகும் நாளிலே அயலவனது நிலம் அவனுக்குள் அடங்கும். சிரியசின் துணைக்கு நேர்ந்தது இதுவே. ஆரை மும்மடங்கு மிகுத்துச் சொல்லப்பட்டமையால் அடர்த்தி பல மடங்கு குறைந்தது. அவ்விண்மீனின் ஒரு கன சென்ரிமீற்றர்ச் சடம் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது என்பதை இன்று அறிவோம். பழைய கணக்கோ ஐம்பது அறுபது கிலோகிராம் அளவில் நின்றது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பிழையான தூணின்மேல் நின்ற கூரை விழாதிருந்தமை தூணின் வலியாலன்று. வேறு தூண்கள் பின்னர் வந்து தாங்கியமையால். 1960-இல் பவுண்ட், ரெப்கா என்னும் இருவர் ஹார்வாட் பல்கலைக்கழகத்திலே 22.5 மீற்றர் உயரத்துள் இரும்பணுவின் கதிரைக் கொண்டு இப்பெயர்ச்சியை அளந்தனர். கதிர் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் செல்லுமாறு இடம் மாற்றிமாற்றி அளந்தமையால், கருவியிலே ஒளித்திருந்த பிழைகள் ஒன்றையொன்று கழித்தன. 2022-இல் ஒரு மில்லிமீற்றர் உயர வேற்றுமையிலும் இது அளக்கப்பட்டதாக வெளியிட்டார்கள். வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் மணிக்கூடுகளுக்கும் இத்திருத்தம் செய்தே தீரவேண்டியிருக்கின்றது. இவை வராதிருந்து, 1925-ஆம் ஆண்டின் அளவே தனிச்சான்றாக நின்று, அதன் பிழை 1971-இல் வெளிப்பட்டிருப்பின், மெய்யான கொள்கையையே உலகம் ஐயுற்றிருக்கும். மெய்ப்பொருளுக்கு வலியற்ற சான்றைக் கொடுப்பவன் அதற்கு நண்பனாயினும் பகைவன் செய்வதையே செய்கின்றான்.

இதற்கு மறுதலையான உதாரணம் நம் தமிழ்நாட்டு மலையொன்றிலே உண்டு. 1899-இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 1907-இல் வந்து, 1911 முதல் 1923 வரை தலைவராயிருந்தவர் ஜோன் எவர்செட். சூரியனின் கோடுகள் சிவப்புப் பக்கமாகப் பெயர்ந்திருத்தலை அவரும் ரொயிட்ஸ் என்பவரும் நுணுக்கமாக அளந்து 1914-இல் வெளியிட்டனர். அவ்வளவுகள் எக்கொள்கைக்கும் அழகாக இயையவில்லை. கோட்டுக்குக் கோடு வேறுபட்டன. நடுவில் ஒருவாறும் விளிம்பில் ஒருவாறும் இருந்தன. அழுத்தத்தால் விளைவதென்று முன்னோர் கூறிய காரணத்தை அவர் ஏற்கவில்லை. சூரிய வாயுக்களைப் பூமியே தள்ளுகின்றதோ என்ற விநோதமான கருத்தையும் ஒருகாலத்தில் ஆராய்ந்தார். அதனைச் சோதிக்கவேண்டி, நம்மை நோக்காத சூரியமுகத்தின் ஒளி வெள்ளிக்கோளிற் பட்டுத் திரும்புவதை அளந்தார். அக்கருத்து நிலைபெறவில்லை. 1923-ஆம் ஆண்டளவில், ஐன்ஸ்டைன் கூறிய பெயர்ச்சி உண்டென்றே தம் அளவுகளிலிருந்து முடிவு செய்தார்.

அவர் கண்ட ஒவ்வாமை பயனற்ற குழப்பமன்று. சூரியனிலே சூடான வாயு மேலெழுந்து நம்மை நோக்கி வருதலால், வட்டத்தின் நடுவிலே செம்பெயர்ச்சியின் ஒரு பகுதி மறைகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒவ்வாத எண்களை ஒவ்வாதனவாகவே அவர் எழுதி வைத்தமையால், அவற்றுள் இருந்த இரண்டாவது உண்மையும் காக்கப்பட்டது. 2020-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, சந்திரனிற் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அளந்து செக்கனுக்கு 638 மீற்றர் என்று கண்டது, கொள்கை தரும் அளவு 633, பிழையெல்லை 6. எவர்செட் வெள்ளியினிடத்துத் தேடியதைப் பின்னோர் சந்திரனிடத்துத் தேடினர் எனலாம்.

பெரியோர் பெயர் சான்றாகுமா என்பதற்கும் இவ்விண்மீன் இனமே விடை தருகின்றது. சென்னைப் பிரெசிடென்சிக் கல்லூரியிற் கற்று, 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கணித்தார். அவ்வெல்லை சூரிய நிறையின் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது இன்று எல்லோரும் ஒப்பிய முடிவு. 1935 ஜனவரியிலே இலண்டனில் வானநூற் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதனை எதிர்த்துப் பேசினார். அவர் பெயருக்கு அஞ்சிப் பலர் வாய்திறவாதிருந்தனர். 1983-இல் சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1925-இல் எடிங்டனோடு ஒத்தது பிழையாயிற்று. 1935-இல் எடிங்டனோடு ஒவ்வாதது மெய்யாயிற்று. அவர் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஈரிடத்தும் எண்களைத் தனியே நோக்கியிருத்தல் வேண்டும்.

இனி நமது வகுப்பறைக்கு வருவாம். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலை அளக்கும்படி மாணாக்கரை ஏவுகின்றோம். விடை 981 என்று புத்தகத்தில் இருக்கின்றது. நாமும் முன்னரே சொல்லிவிடுகின்றோம். கொப்பிகளிலே 981, 980.6, 981.2 என்று அழகாக வருகின்றன. இலண்டன் மாநகருக்கு அவ்வெண் பொருந்தும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையளவில் உள்ள கொழும்பிலே அவ்வளவு ஏறக்குறைய 978 ஆகும். ஒரு மீற்றர் நீளமுள்ள ஊசலைச் சிறுகோணத்தில் ஆட்டி நூறு ஆட்டங்களை எண்ணினால், இரண்டிடத்துக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய 0.3 செக்கன். பொறுமையுள்ள சிறுவன் பலமுறை எண்ணின், இவ்வேற்றுமையை அணுகுதல் கூடும்.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிலே இரு சிறுவர் இருக்கின்றனர் என்று கொள்க. ஒருவன் தன் எண்ணிக்கையைச் சற்றே திருத்தி 981 என்று எழுதுகின்றான். மற்றவன் ஐந்துமுறை எண்ணி, ஐந்தும் சிறிது வேறுபட, அவற்றை அடித்துத் திருத்தாமல் வரிசையாக எழுதி, 977 என்று முடிக்கின்றான். முன்னவன் கொப்பி ஒத்தது. பின்னவன் கொப்பி ஒவ்வாதது. நாம் முன்னவனுக்குப் புள்ளியைக் கொடுத்துப் பின்னவனை மீண்டும் செய் என்று ஏவினால், ஒருவனுக்குப் பொய்யைக் கற்பித்தோம். மற்றவனுக்கு அப்பொய்யின் பயனைக் காட்டினோம். பின்னவன் அளந்தது தான் நின்ற மண்ணை. முன்னவனோ தான் ஒருபோதும் காணாத ஊரின் எண்ணை எழுதினான். பௌதிக பாடத்திலே ஒரு நாழிகையில் நேரும் இச்சிறு செயல், அவன் கணக்கெழுதும் கந்தோரிலும், சாட்சி சொல்லும் மன்றிலும் அவனோடு வரும்.

இவ்விதி பௌதிகத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. மேனாட்டார் புதிதாக ஒன்றைக் கண்டனரென்று கேட்டவுடனே, அது நம் நூல்களில் முன்னரே உண்டென்று காட்ட விரைவாரும் நம்முள் உளர். விடை தெரிந்த பின்னரே அவ்வரிகளில் அப்பொருள் தோன்றுகின்றது; முன்னர் எவருக்கும் தோன்றவில்லை. அதுவும் இருபதை அறிந்துவைத்து இருபத்தொன்றைக் காண்டல் போல்வதே. நம் நூல்கள் தம் பொருளாலே நிற்பன. கடன் வாங்கிய தூணை அவற்றின்கீழ் நிறுத்துவோமாயின், அத்தூண் உளுத்த நாளிலே காண்போர் கோயிலையே ஐயுறுவர்.

ஒப்பை நம்பலாகாதாயின் வேறு எதனை நம்புவது எனின், ஒப்பை முற்றும் தள்ளும்படி கூறவில்லை; அதன் பிறப்பை வினவுக என்பதே நம் கூற்று. ஒத்தவர் இருவரும் ஒருவரையொருவர் அறியாது ஒத்தனரா? ஒவ்வாதிருத்தற்கும் அங்கே இடம் இருந்ததா? இடம் மாற்றி, கருவி மாற்றி, கை மாற்றிச் செய்தாலும் ஒக்குமா? தேடாத கிளார்க்கின் கண்ணிற்பட்ட ஒளிக்கும், எதிர்பார்த்த ஆடம்ஸ் அளந்த அளவுக்கும் உள்ள வேற்றுமை இவ்வினாக்களிலே அடங்கும்.

ஆகையால், விடையை முன்னரே சொல்லாது மாணாக்கரை அளக்கவிடுக. எண்ணிய எண்களை மையாலே எழுதுவித்து, அழிக்கவிடாது காக்க. முடிவுக்கு இடும் புள்ளியிலும் முறைக்கு இடும் புள்ளி மிகுதியாயிருக்கட்டும். விடை ஒவ்வாதபோது எத்துணை வினாக்களை எழுப்புவோமோ, ஒத்தபோதும் அத்துணை வினாக்களை எழுப்புக. 977 என்று எழுதிய சிறுவன் கொப்பியை நீட்டும்போது, மற்றவரெல்லாம் கேட்க, அவன் எங்ஙனம் எண்ணினான் என்று முதலில் அவனையே வினவுக. அவ்வொரு வினாவினால் வகுப்பு முழுதும் அறிந்துகொள்ளும், இங்கே யாது மதிக்கப்படுகின்றது என்பதை.